மாணவர்களுக்கு கமிட் உரிமை: கேள்விகளும் என் பதில்களும்

கமிட் உரிமை என்றால் திட்டத்தின் நிரலில் மாற்றங்களை நேரடியாகப் பதியும் அனுமதி. அதைப் பற்றி, ஓப்பன் சோர்ஸ் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள் திட்டங்களில் மாணவர்களுக்கு வழிகாட்டுபவர்களும், பங்களிக்கும் மாணவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், மாணவர் சேர்ந்த முதல் வாரமே கமிட் உரிமை கொடுத்துவிடலாமா?

மெயின் பிராஞ்சில், அதாவது திட்டத்தின் முதன்மை நிரலில், வேண்டாம். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பழைய கருவியான சப்வெர்ஷன் காலத்தில், ரெப்போவில் (நிரல் சேமிப்பகத்தில்) எழுத அனுமதி இல்லாதவர் தன் அரைகுறை வேலையைப் பதிந்து வைக்கவே சிரமப்பட்டார். அதே வேலைக்குக் கிட் என்ற கருவி வந்தபின் அந்த அவசரம் இல்லை. தனக்கென ஒரு ஃபோர்க் (திட்டத்தின் தனி நகல்) வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் கமிட் செய்யட்டும், அதைச் சேர்க்கக் கேட்டுப் புல் ரெக்வெஸ்ட் அனுப்பட்டும்.

கேள்வி: அண்ணா, எத்தனை பேட்ச் (நிரல் திருத்தம்) போட்டால் உரிமை கிடைக்கும்?

எண்ணிக்கையை நான் பார்ப்பதே இல்லை தம்பி. ரிவியூவுக்கு நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பேன். தேதியைப் படிக்கும் ஃபங்ஷன் ஒன்றைத் திருத்தி ஒரு மாணவி பேட்ச் அனுப்பியிருந்தார். "உள்ளே எதுவுமே வராவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒரே வரி எழுதினேன். மறுநாள் அந்தத் தவறைக் காட்டும் டெஸ்டையும் அதற்கான திருத்தத்தையும் அனுப்பினார். கூடவே, "இதே தவறு வேறு இரண்டு ஃபைல்களிலும் இருக்கிறது, அதையும் சரிசெய்யட்டுமா?" என்று கேட்டிருந்தார். அது அவருடைய ஆறாவது பேட்ச்தான். அந்த வாரமே அவர் பெயரை முன்மொழிந்தேன். தன் வேலையைத் தாண்டி மொத்த நிரலையும் தன்னுடையதாக நினைப்பவரிடம் சாவியைக் கொடுக்கத் தயங்கவே கூடாது.

கேள்வி: எக்ஸ்இசட் விவகாரத்துக்கு அப்புறம் புதியவர்களை நம்பவே பயமாக இருக்கிறதே?

பயம் நியாயமானது. ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் ஒரு பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி, இருந்தது 2024 மார்ச்சில் அம்பலமானது. அதை வைத்த பயனர் கணக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்துப் பராமரிப்பாளர் நிலைக்கு உயர்ந்திருந்தது. அதாவது, வந்த முதல் மாதத்தில் நடந்ததல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள்: பின்கதவை இயக்கும் கட்டளை கிட் ரெப்போவில் இல்லை, வெளியீட்டுக்கான டார் ஃபைலில் (பயன்படுத்துபவர்களுக்குத் தரும் தொகுப்பில்) மட்டுமே இருந்தது. ஆகவே கமிட் உரிமை வேறு, வெளியிடும் உரிமை வேறு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். களைத்துப்போன ஒரே ஆள் தோளில் திட்டம் நிற்பதுதான் எனக்குப் பெரிய கவலை. நல்ல மாணவர்களை வெளியே நிறுத்தினால் அந்தச் சுமை குறையாது.

கேள்வி: பெரிய திட்டங்கள் இதை எப்படிச் செய்கின்றன?

எனக்குப் பிடித்தது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தின் முறை. புதிதாக உரிமை பெற்றவருக்கு ஒரு வழிகாட்டி இருப்பார். ஆரம்பத்தில் ஒவ்வொரு கமிட்டுக்கும் அவருடைய ஒப்புதல் வேண்டும். தேறிவிட்டார் என்று தோன்றியதும் வழிகாட்டி விடுவித்துவிடுவார். அப்பாச்சி என்ற மென்பொருள் அமைப்பின் திட்டங்களில் ஏற்கெனவே இருப்பவர்கள் வாக்களித்துச் சேர்க்கிறார்கள்.

கேள்வி: கொடுத்தபின் சொதப்பினால்?

ரிவர்ட் செய்யுங்கள், அதாவது அந்த மாற்றத்தைத் திரும்ப எடுங்கள், அவ்வளவுதான். மெயினில் ஃபோர்ஸ் புஷ் (இருப்பதை மீறி மேலெழுதுவது) மட்டும் முடியாதபடி பூட்டி வையுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டதால், ஒரு மாணவர் தெரியாமல் மூன்று நாள் வேலையை மெயினிலிருந்து அழித்துவிட்டார். இன்னொருவர் கணினியில் நகல் இருந்ததால் மீட்டோம். பையன் அழாத குறை. பூட்டாதது என் தவறு என்று எல்லோருக்கும் எழுதினேன். இன்றும் அவர் பங்களிக்கிறார்.

கேள்வி: படிப்பு முடிந்து ஆளே காணோம். உரிமையை எடுத்துவிடலாமா?

எடுக்கலாம். பயன்படாத கணக்கு திருட்டுக்கு வழி. ஆனால் முதலில் மெயில் அனுப்புங்கள், திரும்பி வந்தால் உடனே தருவோம் என்றும் அதில் எழுதுங்கள்.

கேள்வி: அக்கா ஒருவர் எனக்கு உரிமை வாங்கித் தந்தார். முதலில் என்ன செய்ய?

வாழ்த்துகள்! உங்கள் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பை) இன்றே போடுங்கள். அப்புறம், பதில் கிடைக்காமல் காத்திருக்கும் வேறொரு மாணவரின் பேட்சைத் திறந்து ரிவியூ செய்யுங்கள்.