எண்ணெய் பாட்டிலை வீட்டில் வைத்துக்கொண்டு வழக்குப் போடாதீர்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது. லெனாக்ஸ்-காஸ்டோ என்ற கடுமையான வலிப்பு நோய். நான்கு மருந்து மாற்றியும் அடங்கவில்லை. தெரிந்தவர் மூலம் கூரியரில் வரும் கஞ்சா எண்ணெயை ஒன்றரை வருடமாகக் கொடுக்கிறார், வலிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. இதே நோய் உள்ள இன்னும் ஏழு குடும்பங்களுக்கும் சேர்த்து வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறார். தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் தோட்டத்துத் தடம் (வழிப்பாதை) பற்றித் தகராறு உள்ள பங்காளி, பாட்டில்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, "தடத்தை எழுதிக் குடு, இல்லாட்டி போலீசுக்குப் போவேன்" என்கிறாராம். "மருத்துவக் கஞ்சாவை நோயாளிகளுக்கு அனுமதிக்கச் சொல்லிப் பொதுநல வழக்குப் போடுகிறேன். பாப்பா தேறின கதையை அப்படியே மனுவில் எழுதட்டுமா?" என்பது கேள்வி.

ஐயா, டாக்டர் திட்டியது, சொந்தக்காரர்கள் பேசியது, பங்காளி செய்த துரோகம் எல்லாம் படித்தேன். அவை எதுவும் நீதிமன்றத்தில் எடுபடாது. அங்கே கேட்கப்போவது ஒன்றுதான்: பாட்டிலில் இருப்பது செடியின் எந்தப் பாகம், யாருடைய உரிமத்தில் வந்தது?

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் பூவும் காயும் கொண்ட நுனி கஞ்சா. செடியின் பிசினுக்குச் சரஸ் என்று பெயர், ஹஷீஷ் எண்ணெயும் சரஸ் கணக்குத்தான். தனியாக இருக்கும் இலையும் விதையும் இதில் சேராது. உரிமம் பெற்ற ஆயுர்வேத நிறுவனங்கள் இலையிலிருந்து மருந்து செய்வது அதனால்தான். உங்கள் பாட்டிலில் லேபிள் இல்லை, உரிம எண் இல்லை, உங்கள் கையில் மருத்துவர் சீட்டும் இல்லை. அது பூவா இலையா என்று உங்களுக்கே தெரியாது.

இப்போது எடையைப் பாருங்கள். போன மாதம் 100 மில்லி பாட்டில் 12 வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய்க் கணக்கில் ஒரு பாட்டில் ஏறத்தாழ 92 கிராம், மொத்தம் 1,100 கிராமுக்கு மேல். "அதில் பெரும்பங்கு தேங்காய் எண்ணெய்தானே" என்பீர்கள். 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலை அடைத்துவிட்டது. கலந்திருக்கும் பொருளையும் சேர்த்து மொத்த எடைதான் கணக்கு. சரஸ் என்று வைத்தால் ஒரு கிலோ வணிக அளவு. குறைந்தபட்சம் 10 வருடம், அதிகபட்சம் 20 வருடம் தண்டனை. 37ஆம் பிரிவு வந்துவிட்டால் ஜாமீனும் லேசில் கிடைக்காது. நீங்கள் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும். லாபம் வாங்கவில்லை என்பது உங்களுக்கு உதவாது, வைத்திருந்ததே குற்றம்.

வழக்கறிஞரான என்னிடம் திருப்பூர் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் வந்தார். மனைவிக்குப் புற்றுநோய் வலி. எண்ணெய் வாங்கினார், தெரிந்த இரண்டு பேருக்கும் வாங்கிக் கொடுத்தார். ஒரு ரூபாய் எடுக்கவில்லை. பார்சல் பிடிபட்டது. வாட்ஸ்அப்பில் ஒருவர் "அடுத்த சரக்கு எப்போ?" என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வரியை வைத்து மற்ற இருவரையும் 29ஆம் பிரிவில், கூட்டுச்சதி என்று சேர்த்தார்கள். மனைவி இறந்தபோது அவர் உள்ளே இருந்தார். அந்த வலிக்கு மார்ஃபின் மாத்திரை சட்டப்படியே உண்டு. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வழக்கு அது.

அதனால், மனுவோடு நீங்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் பாப்பா தேறின கதையை எழுதாதீர்கள். "ஒன்றரை வருடமாகக் கொடுக்கிறேன்" என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால், அது உங்கள் ஒப்புதல் வாக்குமூலம். வழக்கு ஜெயிக்கலாம், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். நோயாளிக்காக நிற்கிறவன் தன் வீட்டில் பாட்டில் இல்லாமல் நிற்க வேண்டும்.

வழக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் போட வேண்டும், நானும் அதை வேண்டுகிறவன். மருத்துவ, அறிவியல் தேவைக்கு 8ஆம் பிரிவே இடம் விட்டிருக்கிறது. விதி வகுக்கும் அதிகாரம் 10ஆம் பிரிவில் மாநில அரசிடம் இருக்கிறது, அதை யாராவது கேட்டு வாங்க வேண்டும். இதே நோய்க்குச் சுத்திகரித்த கன்னாபிடியால் (கஞ்சாச் செடியில் உள்ள ஒரு வேதிப்பொருள்) மருந்தை அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. மார்ஃபினுக்கு இருந்த முட்டுக்கட்டைகளை வலி நிவாரண மருத்துவர்கள் பல வருடம் போராடித்தான் 2014 திருத்தத்தில் தளர்த்தினார்கள். உங்கள் மனுவுக்கு இவை போதும்.

ஆனால் முதலில், அந்த அங்கீகரித்த மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்ய, நரம்பியல் மருத்துவர் சீட்டோடு 12ஏ படிவத்தில் விண்ணப்பியுங்கள். கிடைத்தால் பாப்பாவுக்கு நல்லது. மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் உங்கள் ரிட் மனுவுக்கு அதுதான் அஸ்திவாரம். மறுப்பே இல்லாமல் போனால், முதலில் அரசிடம் கேள் என்று திருப்பி அனுப்புவார்கள்.

பங்காளி விஷயம். மிரட்டி எழுதி வாங்குவது குற்றம்தான். ஆனால் நீங்கள் ஸ்டேஷனுக்குப் போனால் முதல் கேள்வி "எதை வைத்து மிரட்டினார்?" என்பது. என் யோசனை, தடத்தை விட்டுக்கொடுத்து முடியுங்கள். சிவில் வழக்காக இழுத்தாலும் இது பத்து வருடத்துக்குக் குறையாது, அத்தனை வருடம் பகையோடு பக்கத்துத் தோட்டத்தில் இருக்க முடியாது. பத்திரத்தில் நிலம் மட்டும் இருக்கட்டும். "புகார் கொடுக்க மாட்டேன்" என்று ஒரு வரி சேர்த்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது, உங்களுக்கு எதிரான சாட்சியாகவும் ஆகும். தடம் கிடைத்த பிறகும் அவர் போலீசுக்குப் போகலாம். அதைத் தடுக்க எந்தப் பத்திரத்தாலும் முடியாது.

ஆகவே இனி ஒரு பார்சலும் வரக்கூடாது, ஒரு பாட்டிலும் கைமாறக்கூடாது. அந்தக் குடும்பங்களோடு பேசிய குழுச் செய்திகளை அழிக்காதீர்கள், சாட்சியத்தை அழித்தால் அது தனிக் குற்றம். வீட்டில் மிச்சம் இருப்பதைப் பற்றிக் கோவையில் போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் பழகிய குற்றவியல் வழக்கறிஞரை நேரில் பாருங்கள், கடிதத்தில் வேண்டாம். எண்ணெயைத் திடீரென்று நிறுத்தினால் குழந்தைக்கு வலிப்பு திரும்பலாம், அதனால் மருத்துவரிடம் ஒளிக்காமல் இன்றே சொல்லுங்கள். குளோபசாம், வால்ப்ரோயேட் மாதிரி வலிப்பு மருந்தோடு கன்னாபிடியால் சேரும்போது ரத்தப் பரிசோதனை தேவை, அதை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது.