டார்க் சோல்ஸ் வீடியோ கேம் தொடரின் மூன்று பாகங்களில் எதிலிருந்து தொடங்குவது?
2011இல் வெளிவந்த முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள் என்பேன். பல மணி நேரம் போராடி மேலேறிய பிறகு, அன்டெட் பாரிஷ் தேவாலயத்தின் லிஃப்டில் இறங்கினால், புறப்பட்ட ஃபயர்லிங்க் ஆலயத்துக்கே வந்து சேர்வீர்கள். அந்த உலகம் முழுவதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது என்பது அப்போதுதான் புரியும். அந்த வியப்பை அடுத்த இரண்டு பாகங்களும் எனக்குத் தரவில்லை.

2014இல் வந்த இரண்டாம் பாகத்தில், சாகும் ஒவ்வொரு முறையும் உயிரளவின் உச்சவரம்பு குறைந்துகொண்டே போய்ப் பாதி வரை இறங்கிவிடுவதோடு, உருண்டு தப்பும் திறனையும் அடாப்டபிலிட்டி என்னும் பண்பை உயர்த்தியே கூட்ட வேண்டியிருப்பதால், புதியவர்கள் திணறுவார்கள்.

2016இல் வந்த மூன்றாம் பாகம் வேகமானது, பெரும் எதிரிகளுடனான சண்டைகளில் தொடரிலேயே சிறந்தது. ஆனால் முதல் பாகத்தின் அனோர் லோண்டோ நகரம் அதில் பாழடைந்து திரும்ப வருவதால், அதைக் கடைசியாக ஆடுவதே நல்லது.