மானிட்டரில் படிந்த நிழலுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். மாங்கூழ் டின்னுக்கான லேபிள், கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ் என்று ஆர்டர் வரும். போன வருடம் பெங்களூரு கடை ஒன்றில் 62,000 ரூபாய்க்கு ஓஎல்இடி மானிட்டர் வாங்கினேன். மூன்று வருட வாரண்டி. வருடம் முடிவதற்குள் டாஸ்க்பாரும் டூல்பாரும் நிழலாகத் திரையில் பதிந்துவிட்டன. சர்வீஸ் சென்டரில் "இது பர்ன்-இன், வாரண்டியில் வராது" என்றார்கள். கடைக்காரர் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார். வழக்குப் போடவும் பெங்களூருக்குத்தான் அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம், சகோதரி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, பொருளை வாங்கியவர் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்குக் கிருஷ்ணகிரி. பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே நடத்தலாம்.

எதிர்த்தரப்பு முதலில் கிளப்புவது, "தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல" என்பதாகத்தான் இருக்கும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளுக்கு இந்தத் தடை பொருந்தாது. இதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

சரி, வழக்கு நிற்குமா? அதற்குப் பர்ன்-இன் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எல்சிடி திரையில் தங்கும் நிழல் பெரும்பாலும் தற்காலிகமானது. சில மணி நேரம் அணைத்து வைத்தாலோ வேறு படங்களை ஓடவிட்டாலோ மறையும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஒரே படம் ஒரே இடத்தில் நாள் முழுக்க நின்றால், அங்குள்ள கரிமப் பொருள் மற்ற இடங்களைவிட வேகமாகத் தேய்கிறது. தேய்ந்தது திரும்ப வராது. மானிட்டர் மெனுவில் பிக்சல் ரெஃப்ரெஷ் (திரைப் புள்ளிகளைச் சீராக்கும் வசதி) இருந்தால் ஓடவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் சாம்பல் நிறத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். நிழல் போகவில்லை என்றால் அதுவே உங்கள் முதல் ஆதாரம்.

ஓஎல்இடி தேய்வது அதன் இயல்பு என்று கம்பெனி சொல்லும். அதில் உண்மை உண்டு. ஆகவே "தேய்ந்துவிட்டது" என்பதை மட்டும் வைத்து வாதாடினால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். விற்கும்போது என்ன சொன்னார்கள் என்பதில்தான் உங்கள் பலம் இருக்கிறது. விளம்பரத்தில் டிசைனர்களுக்கு ஏற்றது என்று போட்டிருந்தார்களா? மூன்று வருட வாரண்டியைப் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, பர்ன்-இன் சேராது என்பதைப் பெட்டிக்குள் இருந்த தாளில் மட்டும் அச்சடித்திருந்தார்களா? அப்படியானால் அது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வாதாட நல்ல இடம் உண்டு. முதலில் வாரண்டி அட்டையை வரி விடாமல் படியுங்கள். சில கம்பெனிகள் பர்ன்-இன்னையும் வாரண்டியில் சேர்த்தே விற்கின்றன. சர்வீஸ் சென்டர் ஊழியர் வாயால் சொன்னது வாரண்டி ஆகாது. மறுப்பை ஜாப் ஷீட்டிலோ (சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டு) மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள்.

உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்து மானிட்டரைத் திறந்துவிடாதீர்கள். சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலை வந்தால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். திறந்த பொருளுக்கு அங்கே மதிப்பு குறையும்.

இணையத்தில் படித்துவிட்டுப் பலர், அதே சட்டத்தில் குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்கு இழப்பீடு தரும் 'பொருள் பொறுப்பு' என்ற அத்தியாயத்தின் கீழ் இழப்பீடு கேட்கிறார்கள். அந்த அத்தியாயத்தில் 'தீங்கு' என்பது பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தைக் குறிக்காது. நீங்கள் பொருளில் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் கீழ், வேறு மானிட்டர் கேளுங்கள், அல்லது பணத்தைத் திரும்பக் கேளுங்கள். வருமான இழப்பு கேட்பதானால் கைவிட்டுப் போன ஆர்டருக்கான செய்திகளை இணையுங்கள்.

கடை, கம்பெனி இரண்டுக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து, பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். புகாரிலும் இருவரையும் சேருங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். சில கம்பெனிகள் அதற்கே இறங்கி வரும். ஆனால் அங்கே பதிந்துவிட்டோம் என்று காத்திருக்காதீர்கள். வழக்குக்கான இரண்டு வருடக் கெடு அதனால் நிற்காது. வாங்கிய தேதியிலிருந்தே கணக்கு வைத்து அதற்குள் தாக்கல் செய்துவிடுவது பாதுகாப்பு. அப்புறம், பில் வெப்ப அச்சுத் தாளில் இருந்தால் எழுத்து மங்கிவிடும், இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.