லெவாந்தேயைக் கொண்டல் எனலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் சிறுகதை ஒன்றில் ‘திரமோந்தானா’ என்ற காற்று மனிதர்களைப் பித்தாக்குவதாக வருகிறது. அப்படி ஒரு காற்று உண்மையிலேயே வீசுகிறதா? (வாசகி, வேதாரண்யம்)

பதில்: வீசுகிறது. 1992இல் வெளிவந்த தொகுப்பில் உள்ள அந்தக் கதை, ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில் பிரான்ஸ் எல்லையை அடுத்துள்ள கதாகேஸ் என்ற கடற்கரை ஊரைச் சுற்றி நடக்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று, பிரனீஸ் மலைகளுக்கும் பிரான்சின் நடுமேட்டு நிலத்துக்கும் இடைப்பட்ட தாழ்வில் நெருக்குண்டு, விசை கூடி அக்கரைமேல் பாய்வதையே திரமோந்தானா என்கிறார்கள். மலைக்கு அப்பாலிருந்து வருவது என்பது பெயரின் பொருள். வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிந்திருக்க, காற்று மட்டும் நாள்கணக்கில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். கஜாவைக் கண்ட ஊர்க்காரரான உங்களுக்குக் காற்றின் வலிமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கஜா 2018 நவம்பரில் ஓர் இரவில் வந்து அழித்துவிட்டுப் போனது. மார்க்கேஸின் கதையிலோ, காற்று வரப்போகிறது என்று குடியிருப்பின் காவலாளியான முதிய கடலோடி முன்கூட்டியே சொல்லிவிட, கதவடைத்துக்கொண்டு காத்திருப்பதிலேயே பாதி அச்சம் உருவாகிவிடுகிறது. அந்த ஊருக்குத் திரும்பினால் செத்துவிடுவேன் என்று அஞ்சும் கரீபிய இளைஞனை, அந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று சிரிக்கும் வெளியூர்க்காரர்கள் வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றுகிறார்கள். மீதியை நீங்களே படியுங்கள்.

கேள்வி: ஸ்பானியக் கதை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் வரும் ‘லெவாந்தே’ கீழ்த்திசைக் காற்று என்பதால், ‘கொண்டல்’ என்று எழுதிவிடலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: எழுதாதீர்கள். திசை பொருந்துகிறது, வானிலை பொருந்தவில்லை. கொண்டல் என்றால் நமக்கு மேகமும்தான். அச்சொல்லைக் கேட்டதும் டெல்டாக்காரர் மனத்தில் ஐப்பசி மழையும் நடவு வயலும் வந்து நிற்கும். லெவாந்தேயோ மத்தியதரைக் கடலின் ஈரத்தோடு கிளம்பி, ஜிப்ரால்டர் பாறையின் உச்சியில் மேகத்தைப் போர்த்திவிட்டு, கோடையில் தென் ஸ்பெயினின் காதிஸ் பக்கம் போய்ச் சேரும்போது வறண்டு சுடும் காற்றாகிவிடுகிறது. அங்கே எரிச்சலுக்கும் தலைவலிக்கும் இதன்மேல்தான் பழி விழும். அதற்கு எதிரான ‘போனியெந்தே’ என்ற மேல்காற்று அட்லாண்டிக் கடலின் குளிர்ச்சியைக் கொண்டுவருவது. நம்முடைய மேல்காற்றோ, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு வந்து தெருப்புழுதியை வீட்டுக்குள் கொட்டுவது. ஆக, திசையை மட்டும் பார்த்துப் பெயரை மாற்றினால் கதையில் வெயில் அடிக்க வேண்டிய இடத்தில் மழை பெய்யும். மூலப்பெயரை அப்படியே வைத்து, முதன்முறை வரும்போது அதன் குணத்தை அரை வரியில் சொல்லிவிடுவதே நல்லது.

நம் மேல்காற்றுக்கு உறவுக்காரக் காற்று வேண்டுமானால் அர்ஜென்டினாவின் ‘சோந்தா’வைச் சொல்லலாம். பசிபிக் கடலின் ஈரத்தை ஆண்டிஸ் மலையில் இழந்து, சான் ஹுவான், மெந்தோசா பக்கம் இறங்கும்போது அமுக்கத்தால் சூடேறி வரும் காற்று அது.

கேள்வி: ஸ்பானிய மொழிச் சிந்தனையாளர்கள் இந்தக் காற்றுகளைப் பற்றி ஏதும் எழுதியிருக்கிறார்களா? (வாசகர், திருவாரூர்)

பதில்: நிலம் மனிதனை உருவாக்குகிறதா என்பதே அவர்களுடைய பெரிய கேள்வி, காற்று அதற்குள் அடக்கம். அந்த சான் ஹுவானில் 1811இல் பிறந்த சர்மியெந்தோ, சிலி நாட்டில் அரசியல் அகதியாக இருந்தபோது 1845இல் வெளியிட்ட ‘ஃபகுந்தோ’ என்ற நூலில், எல்லையற்ற புல்வெளியே அர்ஜென்டினாவின் கொடுங்கோலர்களை வளர்த்தது என்று வாதிட்டார். எழுத்தின் வேகம் அபாரம், ஆனால் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சமவெளியில் பிறந்தவன் என்ற முறையில் எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு. ஒர்தேகா இ காஸெத் 1914இல் எழுதிய ‘நான் என்பது நானும் என் சூழலும், அதைக் காப்பாற்றாவிட்டால் என்னையும் காப்பாற்ற மாட்டேன்’ என்ற வாக்கியம் நிலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை, நம்மிடம் பொறுப்பைத் தருகிறது.

கேள்வி: ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பதுபோல் ஸ்பானியர்களிடம் ஏதும் உண்டா? (வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: பழமொழி அல்ல, ஆனால் பழைய கூற்று ஒன்று உண்டு. சரகோசா நகரம் இருக்கும் எப்ரோ பள்ளத்தாக்கில் வடமேற்கிலிருந்து வீசும் ‘சியெர்சோ’வைப் பற்றி, கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான காத்தோ எழுதிவைத்தார்: பேச வாய் திறந்தால் வாயை நிரப்பும்; ஆயுதம் தாங்கிய ஆளையும் சுமையேற்றிய வண்டியையும் புரட்டிப்போடும். பாரவண்டி நம் அம்மியைவிடக் கனம்தான்.

1605இல் வெளிவந்த செர்வாந்தேஸின் நாவலில் டான் கிஹோத்தே ராட்சதர்கள் என்று எண்ணி மோதியவற்றைப் போன்ற காற்றாலைகள் ஸ்பெயினின் லா மாஞ்சாவில் இன்றும் நிற்கின்றன. அவற்றின் மேல்தளத்தைச் சுற்றிச் சிறு சாளரங்கள் உண்டு. எதன் வழியே காற்று வருகிறது என்று பார்த்து ஆலைக்காரர் இறக்கைகளைத் திருப்புவார். திசைக்கொரு காற்று, காற்றுக்கொரு பெயர். அதில் ஒன்றின் பெயர் ‘மாத்தாகாப்ராஸ்’, அதாவது ஆடுகொல்லி.