சொந்தமாக ஒரு சிறு விமானம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தின் ஹங்கர்களில், அதாவது விமானக் கொட்டகைகளில், சிறு விமானங்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் வேலை. "நானும் ஒன்று வாங்கினால் என்ன?" என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வெள்ளவத்தையில் வியாபாரம் செய்கிறேன். மாதத்தில் இரண்டு தரம் யாழ்ப்பாணம் போக வேண்டும். காரில் ஏழெட்டு மணித்தியாலம் போய்விடுகிறது. பறக்கப் பழகி, பழைய செஸ்னா 172 (நாலு இருக்கைச் சிறு விமானம்) ஒன்றை வாங்கினால் லாபமா?

இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். செஸ்னா 172 மணிக்கு 210 கிலோமீற்றர் அளவில் போகும். உயர ஏறும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றே முக்கால் மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 32 முதல் 35 லீற்றர் வரை எரிபொருள் குடிக்கும். வானிலை பார்க்க வேண்டும், பறப்புத் திட்டம் கொடுக்க வேண்டும், விமானத்தைச் சுற்றி வந்து சோதிக்க வேண்டும், பலாலியில் இறங்கி ஓட்டோ பிடிக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பார்த்தால் நாலு மணித்தியாலம் வரும். பாதி நேரம் மிச்சம், சரி.

ஆனால் வானிலை விட வேண்டுமே. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் ஆனால் இடியும் மழையும். டிசம்பரில் வடக்கே பருவமழை. தனியார் விமானி உரிமம் மட்டும் வைத்திருப்பவர் கண்ணால் பார்த்துப் பறப்பவர். முகிலுக்குள் நுழையக் கூடாது. மேலதிகத் தகுதி எடுக்காமல் இருட்டிலும் பறக்க முடியாது. திங்கட்கிழமை பத்து மணிக்கு வங்கியில் கட்டாயம் நிற்க வேண்டும் என்றால், ஞாயிறு இரவு பஸ் ஏறுங்கள். "எப்படியும் போய்ச் சேர வேண்டும்" என்ற அவசரம் உலகம் முழுவதும் எத்தனையோ நல்ல விமானிகளின் உயிரைக் குடித்திருக்கிறது. லாபத்துக்காக வாங்காதீர்கள். 1947 டிசம்பர் 10ஆம் திகதி அப்போதைய நம் நாட்டு விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் விமானம் இதே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்த வழியில் நீங்களே ஓட்டிப் போக ஆசைப்பட்டால், அதற்காக வாங்குங்கள்.

கேள்வி: அண்ணன் கனடாவில், நான் தெஹிவளையில். இருவரும் சேர்ந்து வாங்கி, அவர் விடுமுறைக்கு வரும்போது பறக்கலாம் என்று யோசிக்கிறோம். மற்ற நேரம் ஹங்கரில் பூட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி விட்டால் போதும்தானே?

போதாது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். என்னிடம் வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான்.

சிறு விமானம் பறந்தால்தான் நன்றாக இருக்கும். செஸ்னாவில் இருக்கும் லைக்கொமிங் எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு மேலே, விசிறியைச் சுழற்றும் கிராங்க் தண்டுக்கும் மேலாக இருக்கிறது. எஞ்சின் நின்றதும் எண்ணெய் கீழே வடிந்துவிடும். பறக்காமல் கிடந்தால் அந்த இரும்பு காய்ந்து, ஈரக் காற்றில் துரு பிடிக்கும். நிலத்தில் நிற்கும்போது பத்து நிமிடம் ஓட விட்டால் எண்ணெய் போதிய அளவு சூடாகாது. எரிந்ததில் உண்டான நீராவி எண்ணெயோடு உள்ளேயே தங்கிவிடும். நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்வீர்கள். குறைந்தது முப்பது நாளுக்கு ஒரு தரமாவது எண்ணெய் நன்றாகச் சூடாகும்வரை ஒரு மணித்தியாலம் பறக்க வேண்டும்.

இரண்டு வருடம் அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு விமானம் என் கைக்கு வந்தது. எண்ணெய் வடிகட்டியை வெட்டி, உள்ளே மடிந்திருந்த தாளை விசிறி போல விரித்து வெயிலில் பிடித்தேன். மீன் செதில் மாதிரி மின்னியது. காந்தத்தை வைத்ததும் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு எழுந்தன. துருப்பிடித்த கேம் தண்டு அரைபட்டுப் போயிருந்தது. எஞ்சினை முழுதாகக் கழற்ற வேண்டி வந்தது. அப்புறம் இறக்கையடியில் பார்த்தால் ஆணித் தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி. உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. கல்கிசைக் கடல் எங்கள் ஓடுபாதைக்கு எவ்வளவு கிட்ட என்பது உங்களுக்குத் தெரியும்.

காசுக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. இந்த எஞ்சினை 2,000 மணித்தியாலத்தில் அல்லது 12 வருடத்தில், எது முந்தி வருகிறதோ அப்போது, முழுதாகப் புதுப்பிக்கச் சொல்கிறார் தயாரிப்பாளர். 30,000 டொலருக்குக் குறையாத வேலை. வருடம் 25 மணித்தியாலம் பறந்தால் 12 வருடத்தில் ஓடியது 300 மணித்தியாலம்தான். மீதி 1,700க்கும் சேர்த்துப் பணம் கட்டியாயிற்று. ஹங்கர் வாடகை, காப்புறுதி, வருடாந்தச் சோதனை எல்லாம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். என் அபிப்பிராயம்: வருடத்துக்கு நூறு மணித்தியாலம் பறக்க முடியாதவர் தனியாக வாங்க வேண்டாம். நாலைந்து பேர், அதுவும் கொழும்பிலேயே இருந்து வாராவாரம் பறக்கக்கூடியவர்கள், எழுத்தில் ஒப்பந்தம் செய்து பங்காக வைத்திருக்கலாம். அண்ணன் வரும்போது பறக்க, பயிற்சிப் பள்ளியின் விமானத்தை ஆசிரியரோடு வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: பெற்றோல் செட்டில் அடிக்கும் பெற்றோலை ஊற்றலாமா?

எஞ்சினைப் பொறுத்தது. செஸ்னா போன்றவற்றுக்கு அவ்காஸ் 100எல்எல் என்ற நீல நிற விமானப் பெற்றோல் வேண்டும். ரொட்டாக்ஸ் 912 எஞ்சின் கார் பெற்றோலில் ஓடவே செய்யப்பட்டது. 80 குதிரைவலு வகைக்கு நமது 92 ஒக்டேன் போதும், 100 குதிரைவலு வகைக்கு 95 வேண்டும். கொழும்பில் புதிதாக ஒன்று வாங்க நினைப்பவர்களுக்கு ரொட்டாக்ஸ் போட்ட இரண்டு இருக்கை விமானத்தைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

எதை ஊற்றினாலும், முதல் பறப்புக்கு முன் தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தாங்கியைப் பாதி வெறுமையாக இரவு விட்டால், நமது ஈரக் காற்று உள்ளே குளிர்ந்து தண்ணீராக நிற்கும். நீலத்துக்குக் கீழே நிறமில்லாத ஒரு முத்து உருளும். அது மறையும்வரை வடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கேள்வி: நாலு இருக்கை என்கிறார்கள். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அம்மா தந்துவிடும் மாம்பழப் பெட்டி. போதுமா?

பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் போதும். புதிய 172இல் ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 385 கிலோ ஏற்றலாம். தாங்கி நிறைய எரிபொருள் 145 கிலோ. மீதி 240. மூன்று வளர்ந்தவர்கள் ஏறினாலே நிறைந்துவிடும். எரிபொருளைக் குறைத்து ஆட்களைக் கூட்டலாம், ஆனால் பலாலி தூரத்துக்கு அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

நமது வெக்கையும் கணக்கில் வர வேண்டும். 32 பாகை வெயிலில் காற்று ஐதாகி, கடல் மட்டத்தில் நிற்கும் விமானமும் 2,000 அடி உயரத்தில் நிற்பது போல நடந்துகொள்ளும். கூடுதல் தூரம் ஓடித்தான் எழும்பும். ஆகவே கறுத்தக்கொழும்பான் பெட்டியையும் தராசில் வையுங்கள். எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பின்னால் பாரம் கூடினால் விமானம் கைக்கு அடங்காது.

கேள்வி: புத்தளம் பக்கம் தென்னங்காணி இருக்கிறது. அங்கேயே இறக்க முடியுமா?

சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி இல்லாமல் முடியாது. முதலில் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள், அப்புறம் மரம் வெட்டுங்கள்.

கேள்வி: என் கணவர் இரவு முழுக்க விமான வீடியோ பார்க்கிறார். வயது 47. வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. இந்த ஆசையை எப்படி அடக்குவது?

அடக்க வேண்டாம் அக்கா. கடன் முடியும்வரை விமானம் வாங்க வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். புதிய 172 ஒன்று 4 லட்சம் டொலரைத் தாண்டும். ஆனால் ஆசையை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

ஜனவரி மாதம் விடிகாலை இரத்மலானையிலிருந்து கடல் பக்கமாக எழும்பினால், காலி வீதி பஸ்கள் காலடியில் போகும், அடுத்த நொடி ரயில் பாதை, அடுத்து அலை. திரும்பி ஏறும்போது கிழக்கே மூடுபனிக்கு மேலே சிவனொளிபாத மலை தனியாக நிற்கும். எத்தனை தரம் பார்த்தும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. றே விஜேவர்த்தன என்ற பொறியியலாளர் இந்த நாட்டிலேயே சிறு விமானங்களைத் தாமே வடிவமைத்து, கட்டி, ஓட்டியவர். வயதான பிறகும் அவருக்கு அந்த ஆசை விடவில்லை. பிறந்த நாளுக்கு ஒரு அறிமுகப் பறப்பு வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் ஆசிரியர் இருப்பார், கட்டுப்பாட்டுத் தடியைக் கொஞ்ச நேரம் இவர் கையில் கொடுப்பார். இறங்கி வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு 16 வயது. பைலட் ஆக வேண்டும் என்கிறாள். எங்கே தொடங்குவது?

தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது நிறைய வேண்டும். சர்வதேச விதிப்படி குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு. பெரும்பாலானவர்களுக்கு அதைவிடக் கூடவே எடுக்கும், அதற்கும் பணம் ஒதுக்குங்கள். பயிற்சிப் பள்ளிக்குக் காசு கட்ட முன்னர் அதிகார சபை அங்கீகரித்த மருத்துவரிடம் உடற்சோதனையை முடித்துவிடுங்கள். நிறங்களைப் பிரித்தறியும் கண் சோதனையும் அதில் உண்டு. அந்தச் சான்றிதழ் கையில் வந்த பிறகு முதல் தவணையைக் கட்டினால் போதும்.