டியூனர் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஹூஸ்டனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. 2018ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறீர்கள், 2.7 லிட்டர் எக்கோபூஸ்ட், அதாவது ஃபோர்டின் டர்போ இஞ்சின். உடன் வேலை செய்பவர் ஒருவர் தன் வண்டியில் இஞ்சின் கணினியின் நிரலை மாற்றி எழுதும் கையடக்க டியூனரைச் செருகிப் பத்தே நிமிடத்தில் வண்டியின் குணத்தையே மாற்றிக் காட்டினார். நீங்களும் வாங்கலாமா, வாரண்டி போய்விடுமா, விசாவில் இருப்பவன் இதையெல்லாம் செய்தால் வம்பு வருமா என்று கேட்கிறீர்கள். நாமக்கல்லில் லாரிக்கார வீட்டில் வளர்ந்தவன் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். நான் திருச்செங்கோட்டுக்காரன்.

பதில் இதுதான்: இப்போது வாங்க வேண்டாம். இந்த வண்டியோடு ஒரு கோடையைக் கழியுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். என் 2013 எஃப்-150இல் ஆறு வருடமாக டியூனர் போட்டு ஓட்டுகிறவன் நான். அதனால் இதைப் பயந்தவன் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டியூனர் செய்யும் வேலை உங்கள் அப்பாவுக்கு உடனே புரியும். ஊரில் பழைய லாரிகளின் டீசல் பம்ப்பைப் பிரித்து, எண்ணெய் போகும் அளவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள் அல்லவா? வண்டி மேட்டில் துள்ளிக்கொண்டு ஏறும், பின்னால் வருகிறவன் முகத்தில் கரி பூசும், முதலாளி டீசல் கணக்கைப் பார்த்துவிட்டு டிரைவரைத் திட்டுவார். இங்கே அதையே திருப்புளி இல்லாமல் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 என்ற செருகுவாய் கட்டாயம். உங்கள் வண்டியில் ஸ்டீரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் இருக்கும். டியூனர் அதன் வழியாக இஞ்சின் கணினிக்குள் போய், தொழிற்சாலையில் எழுதிய நிரலைப் படித்துத் தன்னிடம் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் வேறொன்றை எழுதிவிடும். தீப்பொறி விழும் நேரம், காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் அழுத்தம், பெட்ரோல் கலவை, கியர் மாறும் வேகம், கியர் எவ்வளவு இறுக்கமாக விழ வேண்டும் என்பதெல்லாம் அந்த நிரலில் உள்ள எண்கள்தாம்.

அந்த எண்களைத் தொழிற்சாலை ஏன் முதலிலேயே கூட்டி வைக்கவில்லை? அவர்கள் வண்டி செய்வது உங்களுக்காக மட்டும் இல்லை. ஆயில் மாற்ற மறப்பவர், மட்டமான பெட்ரோல் போடுபவர், ஆகஸ்ட் வெயிலில் படகை இழுத்துக்கொண்டு மலையேறுபவர் என எல்லோர் கையிலும் இஞ்சின் பிழைக்க வேண்டும். அதற்காகக் கொஞ்சம் கையிருப்பு வைத்திருக்கிறார்கள். டியூனர் புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை. அந்தக் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறது. டர்போ இல்லாத வி8 இஞ்சினில் அப்படி எடுக்க அதிகம் கிடைக்காது. கொடுத்த காசுக்கு வயிறு எரியும். டர்போ இஞ்சினில் காற்றழுத்தத்தைக் கூட்டலாம் என்பதால் வித்தியாசம் நிஜமாகவே தெரியும். உங்களுடையது தொழிற்சாலைக் கணக்கில் 325 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி முறுக்குவிசை. என் 3.5 லிட்டர் 365, 420. இரண்டுமே டர்போ, ஆகவே உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அவர் காட்டியதில் பாதி பெடல் வித்தை. இந்த வண்டிகளில் பெடலுக்கும் இஞ்சினுக்கும் நடுவே கம்பி கிடையாது. நீங்கள் கால்வாசி மிதித்தால் இஞ்சினின் காற்று வழி எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் கணினிதான் தீர்மானிக்கிறது. டியூன், அதாவது டியூனர் எழுதும் புது நிரல், அந்தக் கணக்கை மாற்றி, கால்வாசி மிதிக்கே பாதிக்கு மேல் திறந்துவிடும். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி பாயும், நமக்குப் புல்லரிக்கும். முழுதாக மிதித்துப் பார்த்தால்தான் உண்மையில் கூடிய சக்தி எவ்வளவு என்று தெரியும். முதலில் உங்கள் வண்டியிலேயே உள்ள ஸ்போர்ட் முறையைப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். செலவில்லை. எனக்கு இதை யாரும் முதலில் சொல்லவில்லை. ஐந்நூறு டாலரைச் செலவழித்த பிறகுதான் இந்தப் பெடல் வித்தை புரிந்தது.

அடுத்தது பெட்ரோல். புதிதாக வந்தவர்கள் தடுமாறும் இடம் இது. ஊர் பங்க்கில் நெடுங்காலம் சாதாரண பெட்ரோல் 91ஆக இருந்தது. இங்கே 87, 89, 93 என்று மூன்று பொத்தான்கள். 87ஐப் பார்த்து மட்டம் என்று நினைக்க வேண்டாம், அளக்கும் முறை வேறு. இந்தியாவில் எழுதியிருப்பது ஆய்வக முறை ஆக்டேன் எண், அதாவது பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்ற அளவு. இங்கே அந்த எண்ணையும், கடுமையான சோதனையில் கிடைக்கும் இன்னொரு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள். ஏறக்குறைய ஊரின் அந்தப் பழைய 91தான் இங்கே 87. டியூனரில் 87க்கு ஒன்று, 91க்கோ 93க்கோ ஒன்று என நிரல்கள் தனித்தனியாக இருக்கும். சக்தி முழுதாகக் கிடைப்பது உயர்ந்த எண்ணுள்ள நிரலில். அதைப் போட்டுவிட்டு மாதக் கடைசியில் கை இறுக்கிக்கொண்டு 87 அடித்தால் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து இஞ்சின் தட்டும். தட்டுவதைக் கேட்கும் உணரி ஒன்று இருக்கிறது, அது தீப்பொறியைப் பின்தள்ளி இஞ்சினைக் காப்பாற்றப் பார்க்கும். ஆனால் ஹூஸ்டன் கோடையில், ஏசியும் போட்டு, பின்னால் டிரெய்லரும் கட்டியிருந்தால் அது எவ்வளவுதான் காப்பாற்றும்? 26 கேலன் தொட்டி, கேலனுக்கு 80 சென்ட் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் 20 டாலருக்கு மேல். டியூனரின் விலையை எல்லோரும் சொல்வார்கள், இந்த விலையைச் சொல்ல மாட்டார்கள்.

இனி என் கதை. வாங்கிய முதல் சனிக்கிழமை, ஆகஸ்ட் மாதம், வீட்டு கராஜில் உட்கார்ந்து டியூனரைச் செருகினேன். கதவு திறந்திருந்தது, உள்விளக்கு எரிந்தது, வியர்க்கிறதே என்று ஃபேனையும் ஓடவிட்டேன். பேட்டரிக்கு நான்கு வயது. இங்குள்ள வெயிலில் பேட்டரிக்கு நான்கு வயது என்றால் அறுபது கடந்த கணக்கு. திரையில் பட்டை பாதி தூரம் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். சாவியைத் திருப்பினால் மீட்டரில் எல்லா விளக்குகளும் எரிகின்றன, இஞ்சின் மட்டும் சுற்றவே இல்லை. பாதி பழைய நிரலும் பாதி புதிய நிரலுமாகக் கணினி திகைத்துப்போய் நிற்கிறது. மனைவி எட்டிப் பார்த்து, "ஓடிக்கொண்டிருந்த வண்டியைத்தானே சரி செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். திங்கட்கிழமை வரை காத்திருந்து, டியூனர் செய்தவர்களின் உதவி எண்ணை அழைத்து, பேட்டரியில் சார்ஜர் மாட்டி, அவர்கள் சொன்ன வரிசையில் மீட்பு முறையை ஓட்டிப் பழைய நிரலைத் திரும்ப எழுதினேன். வண்டி கிளம்பியது. தவறு முழுவதும் என்னுடையது. கையேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே இதெல்லாம் இருந்தது. அன்றிலிருந்து எழுதி முடியும் வரை சார்ஜர் மாட்டியே இருக்கும், ரேடியோ, ஃபேன், விளக்கு எல்லாம் அணைந்திருக்கும், கேபிள் பக்கம் குழந்தைகளை விடுவதில்லை.

இரண்டாவது பாடத்தைப் புகைச் சோதனையில் படித்தேன். டெக்சாஸில் 2025 ஜனவரி முதல் சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையை எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டுச் சோதனையே இல்லை என்று நம்பிவிடாதீர்கள். ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், பிரசோரியா, மாண்ட்கோமரி, கால்வஸ்டன் என நம்மைச் சுற்றியுள்ள கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை அப்படியே இருக்கிறது. அதில் தேறினால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். சோதனை என்பது குழாயில் வரும் புகையை அளப்பது இல்லை, அதே ஓபிடி செருகுவாயில் மாட்டிக் கணினியைக் கேட்பதுதான். கணினி தன் உறுப்புகளைத் தானே சோதித்துத் தயார் என்று குறித்து வைத்திருக்கும். நிரலை மாற்றி எழுதினால் அந்தக் குறிப்பெல்லாம் அழிந்துவிடும். நான் நல்ல பிள்ளையாக, சோதனைக்கு முந்தின இரவு பழைய நிரலுக்கு மாற்றி எழுதிவிட்டுப் போனேன். நம் காலத்து வண்டிகளுக்கு ஒரு குறிப்பு முடியாமல் இருந்தால் விடுவார்கள், இரண்டு என்றால் திருப்பி அனுப்புவார்கள். எனக்கு மூன்று. பிறகு ஒரு வாரம் வேலைக்கு, கோவிலுக்கு, காரணமே இல்லாமல் நெடுஞ்சாலைக்கு என்று ஓட்டி அவற்றைத் தயாராக்கினேன். சோதனைக்கு முன் மாற்றுவதாக இருந்தால் பத்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

வாரண்டி விஷயத்தில் இரண்டு பக்கமும் மிகையாகப் பேசுகிறார்கள். மேக்னுசன்-மாஸ் என்று 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. வெளிப்பொருள் ஒன்றைப் பொருத்திய ஒரே காரணத்துக்காக முழு வாரண்டியையும் மறுக்க முடியாது, அந்தப் பொருளால்தான் பழுது வந்தது என்று நிறுவனம் காட்ட வேண்டும். டியூனர் விற்பவர்கள் இதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். டர்போவோ கியர் பெட்டியோ போனால், டியூனால் வந்தது என்று காட்டுவது அவர்களுக்கு ஒன்றும் கடினம் இல்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். பழைய நிரலைத் திரும்ப எழுதிவிட்டால் தடம் இருக்காது என்பதையும் நம்பாதீர்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு கணினியில் தங்கலாம். தவிர, உங்கள் வண்டிக்கு ஃபோர்டின் 5 ஆண்டு, 60,000 மைல் பவர்டிரெய்ன் (இஞ்சின், கியர் பெட்டி) வாரண்டி முடிந்தே போயிருக்கும். உங்களிடம் இருப்பது விற்பனையாளர் தனியாக விற்ற சேவை ஒப்பந்தமாக இருக்க வேண்டும். அதைத் தேடி எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். மாற்றம் செய்த வண்டிக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த ஒப்பந்தம் தீரும் வரை டியூனரை நினைக்கவே வேண்டாம் என்பேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

டியூன் போட்டிருக்கும்போது சர்வீஸுக்கு விட்டால் இன்னொரு சிக்கல். அவர்கள் வழக்கம்போல் கணினிக்குப் புதுப்பிப்பு எழுதிவிடுவார்கள், உங்கள் டியூன் அழிந்துவிடும். டியூனரோ தன் நிரல் இன்னும் வண்டிக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு பூட்டிக் கிடக்கும். ஒரு டியூனர் ஒரு வண்டிக்குத்தான் கட்டுப்படும். இங்குள்ளவர்கள் அதைக் கல்யாணமானது என்றே சொல்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டியூனர் வாங்கப் போனால், முந்தைய வண்டியோடு விவாகரத்து முடிந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

சட்டத்துக்கும் உங்கள் விசாவுக்கும் இதனால் முடிச்சுப் போடத் தேவையில்லை, கோடு எங்கே என்று தெரிந்தால் போதும். மாசுக் கட்டுப்பாட்டு உறுப்பைக் கழற்றுவதும், அதை வேலை செய்யவிடாமல் நிரல் எழுதுவதும் கூட்டரசின் தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம். டீசல் பிக்கப்களில் இது பெரிய நோய். புகை வடிகட்டியை வெட்டி எறிந்துவிட்டு, கணினி கண்டுகொள்ளாமல் இருக்க டியூன் போடுகிறார்கள். பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்கப்கள் அப்படி மாற்றப்பட்டதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் கணக்கிட்டது. டெக்சாஸ் சோதனையில் டீசல் வண்டிகள் வருவதில்லை, அதனால் யாருக்குத் தெரியும் என்பார்கள்; உங்கள் நண்பரும் சொல்லக்கூடும். அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்கள் பெட்ரோல் வண்டிக்கு வாங்கும்போது, உங்கள் ஆண்டுக்கும் இஞ்சினுக்கும் கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் ஒப்புதல் எண் உள்ள டியூனராகப் பாருங்கள். நாம் கலிபோர்னியாவில் இல்லைதான். ஆனாலும் அந்த எண் இருந்தால், புகை அளவு கூடவில்லை என்று யாரோ சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆறு வருடமாக நான் ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். சக்திக்காக இல்லை. நான் பெரிய டயருக்கு மாறினேன். 32 அங்குல டயர் இருந்த இடத்தில் 35 போட்டால், மீட்டர் 65 என்று காட்டும்போது வண்டி 71இல் போய்க்கொண்டிருக்கும். போலீஸ்காரரிடம் மீட்டரைக் காட்டி வாதாட முடியாது. டியூனரில் டயர் அளவைச் சொன்னதும் மீட்டர் நேரானது, கியரும் சரியான இடத்தில் விழத் தொடங்கியது. டிரெய்லர் இழுக்கும் நாளில் இழுவை நிரலைப் போடுகிறேன். கியர் தடுமாறி மேலும் கீழும் ஓடுவது குறைந்திருக்கிறது. தொழிற்சாலை வைத்த உச்ச வேகக் கட்டுப்பாட்டை நீக்கும் வசதியும் அதில் இருக்கிறது, அதை ஒரு நாளும் தொட்டதில்லை. டயர் பக்கவாட்டில் எஸ் என்ற எழுத்து இருந்தால் அது மணிக்கு 112 மைல் வேகத்துக்கு மேல் உத்தரவாதம் இல்லாத டயர். ஆஸ்டினுக்கும் சான் அந்தோனியோவுக்கும் இடையில் 130ஆம் எண் சுங்கச் சாலையில் 85 மைல் வரை போகலாம், நாட்டிலேயே அதிகமான வேக வரம்பு அதுதான். அதற்கே தொழிற்சாலை நிரல் தாராளமாகப் போதும்.

அடுத்த கோடைக்குப் பிறகும் வாங்குவதாக முடிவெடுத்தால் பியர்லாண்ட் மீனாட்சி கோவிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். தரிசனம் முடித்துவிட்டு என் வீட்டுக்குப் போய் என் சார்ஜரை மாட்டி எழுதுவோம். எழுதிய பிறகு முதல் சில நூறு மைல்கள் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பத்து கியர் பெட்டி உங்கள் காலை மறுபடியும் பழகிக்கொள்ள வேண்டும். அதற்காகப் பதறி அன்றிரவே என்னைக் கூப்பிட வேண்டாம். எல்லாம் எழுதினீர்கள், உங்கள் வண்டியின் பேட்டரி எந்த வருடத்தது என்று எழுதவில்லையே?