ஒயின்ல கெட்ட ஈஸ்ட் வந்துடுச்சு, ஃபில்டர் பண்ணா சரியாகுமா?

ஈஸ்ட் போகும், நாத்தம் போகாது. எனக்கு இத மொதல்லயே யாராவது சொல்லிருந்தா ரெண்டு வருஷ உழைப்பு வீணாயிருக்காது, அதான் கேள்விய பாத்துட்டு சும்மா போக மனசு வரல.

உங்களுது ரெட் ஒயின், மரப்பீப்பால கெடந்தது, இப்ப மாட்டுத்தொழுவ வாடை அடிக்குதுன்னு வச்சுக்கறேன். அப்ப அது பெரும்பாலும் பிரெட்டனோமைசஸ்தான், சுருக்கமா பிரெட், ஒயின கெடுக்கற ஒரு ஈஸ்ட். எனக்கும் அதே கதை. பேட் ஃபில்டர், அதாவது தடிமனான அட்டை மாதிரி ஷீட்ல வடிகட்டறது, வாங்கினேன், ஓட்டை அளவு 0.5 மைக்ரான்னு போட்டிருந்துச்சு, வித்தவரும் ஒரு ஈஸ்ட் தாண்டாது சார்னு அடிச்சு சொன்னாரு. ஒயின் பளிங்கு மாதிரி வந்துச்சு, அந்த சந்தோஷத்துல கழுவின அதே பீப்பாயிலயே திருப்பி ஊத்திட்டேன். மூணு மாசத்துல முன்னைவிட மோசம்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த 0.5 வெறும் நாமினல், பெரும்பகுதிய புடிக்குமே தவிர எல்லாத்தையும் புடிக்காது. வேணுங்கறது அப்சல்யூட் மெம்பரேன், அதாவது போட்டிருக்கற அளவுக்கு மேல எதையும் விடாத மெல்லிசான சவ்வு. சாதாரண ஈஸ்ட்டுக்கு 0.65 போதும்பாங்க, ஆனா சல்ஃபைட் (ஒயின் கெடாம இருக்க போடற சல்ஃபர் மருந்து) பட்ட பிரெட் செல் சுருங்கிக்கும், அதனால நான் 0.45தான் சொல்வேன். பேட்ல ஓட்டி தெளிய வச்சுட்டு மெம்பரேனுக்கு விடுங்க, இல்லன்னா ஒடனே அடைச்சுக்கும். மெம்பரேன் கிழியாம இருக்கான்னு பபிள் பாயிண்ட் டெஸ்ட் பண்ணுங்க, நனைஞ்ச மெம்பரேன்ல காத்த அழுத்தி எந்த அழுத்தத்துல குமிழி வருதுன்னு பாக்கறதுதான் அது. ஃபில்டருக்கு அப்புறம் வர்ற பைப், பாட்டில் நெரப்பற ஃபில்லர் எல்லாத்துலயும் 82 டிகிரி வெந்நிய 20 நிமிஷம் ஓட்டணும், அங்க ஒட்டிட்டிருந்தா வடிகட்டினதுக்கே அர்த்தமில்ல. அந்த பீப்பாய மறந்துடுங்க, மரத்துக்குள்ள பல மில்லிமீட்டர் ஆழத்துக்கு எறங்கிடும், மேலாப்ல கழுவினா வராது.

ஃபில்டர் பண்ணா ருசியே போயிடும்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. நல்லா இருக்கற ஒயின வடிகட்டுங்கன்னு நான் சொல்லல, கெட்டுட்டிருக்கறத காப்பாத்தறத பத்தி பேசறேன். சல்ஃபைட் மட்டும் போதாதான்னு கேப்பீங்க. ஒயினோட pH பாத்தீங்களா? அது ஏற ஏற, அதாவது அமிலத்தன்மை கொறைய கொறைய, சல்ஃபைட்டோட வலுவும் கொறையும். 3.4ல லிட்டருக்கு 32 மில்லிகிராம் ஃப்ரீ சல்ஃபர் டையாக்சைடு (சல்ஃபைட்ல எதோடயும் சேராம மிச்சமிருந்து வேலை செய்யற பங்கு) செய்யற வேலைக்கு 3.8ல கிட்டத்தட்ட 80 வேணும். என்னோடது 3.8, நான் போட்டது 30.

வாடைக்கு காரணம் 4-எத்தில்பீனால், அது கரைஞ்சு கெடக்கற சின்ன மாலிக்யூல், இந்த மாதிரி ஈஸ்ட் வடிகட்டற மெம்பரேன்ல நிக்காது. அதனால ஃபில்டர் வாங்கறதுக்கு முன்னாடியே லேப்ல அதோட அளவ பாத்துடுங்க, ஏற்கெனவே ஏறிடுச்சுன்னா அந்த காச புது பீப்பாய்க்கு போடுங்க.

இந்த ஃபில்டர் விக்கிறவங்க மேல எனக்கு இன்னமும் ஆறல. வாங்கற வரைக்கும் தினம் போன், ஒரே ஒரு கேஸ்கெட் தேஞ்சுடுச்சுன்னு கேட்டா முழு செட்டா வாங்குன்றாங்க, அது என்ன நியாயம்?